மார்பு கேன்சர் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பொறவு என்னெல்லாம் செய்யணும்

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் நம்ம ஆளுங்க முதல்ல செய்ற காரியம் என்னன்னா கட்டில்ல படுக்க வச்சு "நீ அந்தக் கைய அசைக்கவே கூடாது கேட்டியா"ன்னு சொல்றதுதான். பாசத்துலதான் சொல்றாங்க, அம்மா சொல்லுவா, மாமியார் சொல்லுவா, பாக்க வர்ற சித்தி பெரியம்மா எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா அப்படியே கைய மடக்கி வச்சுட்டு இருந்தா ரெண்டு மாசத்துல தோள் இறுகிப் போகும். சீக்கு போச்சு, ஆனா தலை சீவ முடியல, ஜாக்கெட் கையில கை நுழையல, பஸ்ல மேல கம்பியப் பிடிக்க முடியலன்னு இருக்கிற பொம்பளைங்கள நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலை, மார்த்தாண்டம் பக்கமெல்லாம் நான் நெறைய பாத்திருக்கேன். எனக்கும் வலது பக்கம் ஆபரேஷன் ஆனதுதான், அக்குள்லயும் எடுத்தாங்க. இப்பம் தெரிஞ்சவங்க யாருக்காவது ஆபரேஷன்னு கேட்டா போய் உக்காந்து பேசிட்டு வருவேன், அங்க சொல்றதத்தான் இங்க எழுதுறேன்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். ஆபரேஷன் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. சிலருக்கு கட்டிய மட்டும் எடுப்பாங்க, சிலருக்கு மார்பு முழுசும் எடுப்பாங்க, அக்குள்ல சிலருக்கு ரெண்டு மூணு நெறிய (நிணநீர் முடிச்ச) மட்டும் எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க, சிலருக்கு மொத்தமா வழிச்சு எடுப்பாங்க. இந்த அக்குள் விஷயம்தான் பின்னாடி கை எப்படி இருக்கும்னு தீர்மானிக்கும், அதனால டிஸ்சார்ஜ் ஆகும்போதே "எனக்கு அக்குள்ல எவ்வளவு எடுத்தீங்க டாக்டர்"னு கேட்டுக்கிடுங்க, கேக்க வெக்கப்படாதீங்க. உங்க டாக்டர் வேற மாதிரி சொல்லியிருந்தா அவர் சொன்னதத்தான் கேக்கணும்.

டியூபோட வீட்டுக்கு வந்தா

நெறைய பேர டிரெயின் டியூபோடயே அனுப்பிடுவாங்க. பாத்தா பயமா இருக்கும், ஆனா காயத்துக்குள்ள தேங்குற நீர வெளிய எடுக்கிறதுக்குத்தான் அது. தினமும் ஒரே நேரத்துல எவ்வளவு மில்லின்னு பாத்து ஒரு நோட்டுல எழுதி வைங்க, காலண்டர் தாள்ல எழுதுனாலும் போதும். மொதல்ல ரத்தம் கலந்து சிவப்பா வரும், பொறவு வெளிறி மஞ்சளா ஆகும், அது சரிதான். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழ ரெண்டு நாள் சேந்தாப்ல வந்தா பொதுவா எடுத்துடுவாங்க, சில டாக்டர் 20 மில்லின்னு சொல்லுவாங்க. அந்தக் கணக்கு நம்ம கையில எழுத்தா இருந்தா டாக்டருக்கும் லேசு.

முன்பக்கம் ஜிப்போ பட்டனோ வச்ச நைட்டி ரெண்டு மூணு தச்சு வச்சுக்கிடுங்க, தலை வழியா போடுற நைட்டி இப்பம் ஆகாது. டியூப் தொங்கி இழுக்காம இருக்க உள்பக்கம் ஒரு துணிப் பை தச்சு அதுல பாட்டில வச்சுக்கிடலாம். திடீர்னு சிவப்பு ரத்தம் வேகமா நெறைஞ்சாலோ, சீழ் நாத்தம் அடிச்சாலோ, காயம் சுத்தி சிவந்து சூடா இருந்தாலோ, காய்ச்சல் 100.4க்கு மேல போனாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க, நாளைக்குப் பாப்போம்னு இருக்காதீங்க.

டியூப் எடுத்த பொறவு சிலருக்கு அந்த இடத்துல மறுபடி நீர் கோத்து பொத்துனு இருக்கும், அமுக்குனா தண்ணி ஆடுற மாதிரி தெரியும். கட்டி திரும்ப வந்துட்டுன்னு நெனச்சு அழுறவங்க உண்டு. அது கட்டி இல்ல, செரோமான்னு சொல்லுவாங்க, ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துடுவாங்க, சில நேரம் தானாவே வத்திடும். காயம் முழுசா ஆறுற வரைக்கும் குளத்துல, ஆத்துல, கடல்ல இறங்கிக் குளிக்க வேண்டாம்.

கைய எப்படித் திரும்பக் கொண்டு வர்றது

இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது, இத மட்டுமாவது முழுசா வாசிங்க.

பொதுவா ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே சின்ன அசைவு தொடங்கிடலாம். விரல மடக்கி முஷ்டி பிடிச்சு விடணும், முழங்கைய மடக்கி நீட்டணும், தோள காதுப் பக்கம் தூக்கி இறக்கணும், நல்லா மூச்ச இழுத்து விடணும். சோறு தின்ன, பல் தேய்க்க, முகம் கழுவ அந்தக் கையையே பயன்படுத்துங்க. டியூப் இருக்கிற வரைக்கும் கைய தோள் மட்டத்துக்கு மேல தூக்க வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, அதுக்கு மேல தூக்குனா நீர் கூடுதலா ஊறும். டியூப் எடுத்து டாக்டர் சரின்னு சொன்ன பொறவு நிஜமான வேலை தொடங்கும்.

சுவரப் பாத்து நில்லுங்க, ரெண்டு கை விரலையும் சுவர்ல வச்சு பைய மேல ஏத்துங்க, எங்க இழுக்குதோ அங்க நிறுத்தி ரெண்டு மூணு மூச்சு விட்டு பைய இறக்குங்க. பென்சிலால சுவர்ல ஒரு கோடு போட்டு தேதிய எழுதி வைங்க, வீட்டுக்காரர் பெயிண்ட் போயிடும்னு சொன்னாலும் சரி. வாரம் போகப் போக கோடு மேல ஏறும், அதப் பாக்கும்போது மனசுக்கு வர்ற தைரியம் வேற எதுலயும் வராது. அடுத்தது மல்லாந்து படுத்து ஒரு குடைக்கம்பியையோ தொடப்பக் கம்பையோ ரெண்டு கையாலயும் பிடிச்சு தலைக்கு மேல கொண்டு போகணும், நல்ல கை மத்த கையத் தூக்கிக் கொடுக்கும். அப்புறம் ரெண்டு கையையும் கோத்து பிடரியில வச்சு முழங்கைய விரிக்கிறது. ஒவ்வொண்ணும் அஞ்சு பத்து தடவை, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு நேரம் போதும். இழுக்குற வலி பரவாயில்ல, குத்துற வலி வந்தா நிறுத்தணும். வலி மாத்திரை போட்டு அரை மணி கழிச்சு செஞ்சா லேசா இருக்கும்.

ஏன் இவ்வளவு அவசரம்னு கேப்பீங்க. ரேடியேஷன் இருக்குன்னா அந்த மேசையில கைய தலைக்கு மேல தூக்கி வச்சு அசையாம படுக்கணும், கை மேல போகலன்னா பிளான் போடுறதே தள்ளிப் போகும். இப்பம் நெறைய பேருக்கு 3 வாரத்துல 15 தடவையில முடிச்சுடுறாங்க, அந்த நாளெல்லாம் கை ஒத்துழைக்கணும். ரேடியேஷன் முடிஞ்ச பொறவும் உள்ள தசை பல மாசத்துக்கு இறுகிட்டே இருக்கும், அதனால எக்சர்சைஸ அப்பம் நிறுத்தக் கூடாது, ஒரு வருஷமாவது தினமும் ஒரு நேரமாவது செய்யணும்.

சில பேருக்கு அக்குள்ல இருந்து முழங்கை வரைக்கும் தோலுக்கடியில கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கும், கைய நீட்டுனா நரம்பு விடைச்ச மாதிரி தெரியும். பயப்பட வேண்டாம், ஆபரேஷனுக்குப் பொறவு வர்றதுதான், நீட்டி நீட்டி செஞ்சா போயிடும், போகலன்னா பிசியோதெரபி ஆள்ட்ட காட்டுங்க. மேல்கையோட உள்பக்கம் மரத்துப் போறதும் சகஜம், அக்குள் வழியா போற ஒரு தொடு நரம்பு ஆபரேஷன்ல அடிபடும். அந்த இடத்துல ஹாட் வாட்டர் பேக் வைக்காதீங்க, சுடுறது தெரியாம கொப்பளிச்சுடும். இல்லாத மார்புல அரிக்குது, குத்துதுன்னு சிலருக்குத் தோணும், அது புத்தி கலங்குனது இல்ல, மூளைக்கு அந்த இடம் இன்னும் ஞாபகம் இருக்கு, பைய குறையும்.

வீட்டு வேலைய ஒரு வரிசையில எடுங்க. மொதல்ல துணி மடிக்கிறது, கீரை ஆயுறது, பூ கட்டுறது, தோவாளைப் பக்கத்துக்காரங்களுக்கு அது தெரியாத வேலையா. அடுத்து கொடியில துணி காயப் போடுறது, இதுவும் ஒரு எக்சர்சைஸ்தான். தேங்கா திருவுறது, மாவு பிசையுறது எல்லாம் ஒரு ஆறு வாரம் கழிச்சு கொஞ்சம் கொஞ்சமா. கிணத்துல தண்ணி கோருறது, நெறைஞ்ச குடத்த இடுப்புல எடுக்கிறது, மரச்சீனி பிடுங்குறதெல்லாம் கடைசி, அதுவும் டாக்டர்ட்ட கேட்டுட்டு. குளச்சல், முட்டம் பக்கம் தலையில மீன் கடவம் சுமக்கிறவங்க முதல் சில மாசம் சின்னப் பாத்திரமா மாத்திட்டு பைய கனத்தக் கூட்டுங்க. பஸ்ல மேல கம்பியப் பிடிச்சு நிக்க முடிஞ்சா தோள் சரியாயிட்டுன்னு வச்சுக்கிடலாம், ஆனா அது வரைக்கும் உக்காந்துதான் போகணும், கண்டக்டர்ட்ட சொல்லி சீட்டு கேளுங்க, கேக்கிறதுல ஒரு குறைச்சலும் இல்ல. கார்ல போனா சீட் பெல்ட்டுக்கும் காயத்துக்கும் நடுவுல ஒரு சின்னத் தலையணைய வச்சா ரோட்டுப் பள்ளத்துல வலியில உயிர் போகாது.

கை வீக்கம்

அக்குள்ல நெறி எடுத்தா கையில இருந்து திரும்பிப் போற நிணநீருக்கு வழி குறையும், அது தேங்குனா கை வீங்கும். லிம்ஃபெடிமான்னு பேரு. மொத்தமா எடுத்தவங்கள்ல கிட்டத்தட்ட 5 பேர்ல ஒருத்தருக்கு வரலாம், ரெண்டு மூணு நெறி மட்டும் எடுத்தவங்களுக்கு ரொம்பக் குறைவு, 20 பேர்ல ஒருத்தர்ங்கிற அளவுதான். உடனேயும் வரலாம், வருஷம் கழிச்சும் வரலாம். யானைக்கால் மாதிரி ஆயிடுமோ, ஒட்டிக்கிடுமோன்னு கேக்கிறாங்க, இது ஒட்டுறதும் இல்ல, கொசுவால வந்ததும் இல்ல.

மொதல்ல தெரியுறது வளையல், மோதிரம், ஜாக்கெட் கை எதாவது இறுகுறது, இல்ல கை கனமா தோணுறது. மாசம் ஒரு தடவை டெய்லர் டேப்ப எடுத்து முழங்கைக்கு மேல ஒரு இடம், கீழ ஒரு இடம், ரெண்டு கையிலயும் அளந்து எழுதுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே அளந்து வச்சா இன்னும் நல்லது. எந்த இடத்துலயாவது 2 செ.மீ. அளவுக்குக் கூடுனா காத்திருக்காம காட்டுங்க, ஆரம்பத்துலயே ஸ்லீவ், பேண்டேஜ், தோல் மேல லேசா தடவுற மசாஜ்னு தொடங்குனா கட்டுப்படுத்தலாம், வருஷக்கணக்கா விட்டா தோல் தடிச்சுப் போகும்.

நம்ம ஊர்ல ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும். வர்மம், உழிச்சல்னு ஆசான்மார்ட்ட போற பழக்கம் நமக்கு உண்டு, முட்டுவலிக்கும் சுளுக்குக்கும் போவோம், அதுல எனக்கும் மதிப்பு உண்டு. ஆனா ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில எண்ணெய் போட்டு அழுத்தித் திருமக் கூடாது. நிணநீருக்குக் கொடுக்கிற மசாஜ் இறகு தொடுற அளவுக்கு லேசா, அதுக்குப் படிச்ச ஆள் செய்யணும், அழுத்துனா வீக்கம் கூடும். ஆசான்ட்டயே வெளிப்படையா சொல்லுங்க, இந்தப் பக்கம் அக்குள்ல எடுத்திருக்குன்னு, நல்ல ஆசான் கை வைக்க மாட்டார்.

அந்தக் கையில காயம், கொப்பளம் வராம பாத்துக்கிடணும். அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரி ஆலையில, வேலை செய்றவங்க கேளுங்க, அண்டித்தோட்டு எண்ணெய் தோல அரிச்சு எடுத்துடும்னு உங்களுக்கே தெரியும், வேலைக்குத் திரும்புனா கையுறை இல்லாம தொடாதீங்க, முடிஞ்சா பருப்பு தரம் பிரிக்கிற இடத்துக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க. ரப்பர் வெட்டுறவங்க, மீன் வெட்டுறவங்க, செடி முள்ளுல நிக்கிறவங்க எல்லாருக்கும் இதேதான். நகத்த சதையோட ஒட்ட வெட்டாதீங்க. குளிச்சுட்டு தோல் வறண்டு போகாம ஏதாவது தடவுங்க, தேங்கா எண்ணெயே போதும். ஊசி, ரத்தம் எடுக்கிறது, பி.பி. பாக்குறது முடிஞ்சவரை மத்த கையில வச்சுக்கிடலாம், ஆனா அவசரத்துல ஒரு தடவை இந்தக் கையில போட்டுட்டாங்கன்னு தூக்கம் கெட வேண்டாம், அதனால வீக்கம் வரும்ங்கிறதுக்கு பெருசா ஆதாரம் இல்லன்னுதான் இப்பம் சொல்றாங்க.

கை சிவந்து, சூடாகி, குளிர் காய்ச்சல் வந்தா அது இன்ஃபெக்ஷன், அன்னைக்கே ஆன்டிபயாட்டிக் வேணும், ராத்திரியானாலும் போங்க.

கனமே தூக்கக் கூடாதுன்னு ஆயுசுக்கும் சொல்றது பழைய பேச்சு. 2009ல அமெரிக்காவுல கை வீக்கம் உள்ள பொம்பளைங்களையே பயிற்சியாளர் மேற்பார்வையில பைய பைய வெயிட் தூக்க வச்சுப் பாத்தாங்க, வீக்கம் கூடல, அடிக்கடி தொந்தரவு வர்றதும் குறைஞ்சுது. திடீர்னு ஒரு நாள் அரிசி மூட்டையத் தூக்குறதுதான் தப்பு, பழக்கிப் பழக்கித் தூக்குறது தப்பில்ல. உடம்பு எடை கூடுறதும் வீக்கத்துக்கு ஒரு பெரிய காரணம்.

உடுப்பு

மார்பு முழுசும் எடுத்தவங்களுக்கு வெளிய போறதே ஒரு தயக்கம். கல்யாண வீடு, மண்டைக்காடு கொடை, கோயில் திருநாள் எதுக்கும் போகாம வீட்டுக்குள்ளயே இருந்துடுறாங்க. பிராவுக்குள்ள செயற்கை மார்பு வைக்காம இருக்கிறதும் உங்க இஷ்டம்தான், ஆனா வைக்கணும்னு ஆசை இருந்தா வழி இருக்கு. முதல் சில வாரம் காயம் ஆறுற வரைக்கும் பஞ்சு வச்ச துணி போதும். ஆறுன பொறவு, ரேடியேஷன் இருந்தா தோல் சரியான பொறவு, சிலிக்கான்ல செஞ்சத வாங்கலாம், அதுக்கு எடை இருக்கிறதால ரெண்டு பக்கமும் சமமா இருக்கும், பிரா மேல ஏறாது. விலை கூடுதல், நம்ம வெக்கைக்கு வேர்க்கவும் செய்யும்.

அதனால எனக்குப் பிடிச்சது பருத்தி நூல்ல குரோஷா ஊசியால பின்னி உள்ள பஞ்சு நெறச்சது. நாகர்கோவில் லேஸ் 1820கள்ல மிஷனரி மார்த்தா மால்ட் காலத்துல இருந்து இங்க பெண்கள் கை வேலை, பின்னத் தெரிஞ்ச ஒரு அக்காவாவது உங்க தெருவுலயோ சபையிலயோ இருப்பா, அளவு சொன்னா ஒரு நாள்ல பின்னிடுவா. துவைச்சுக் காயப் போட்டு மாத்தி மாத்தி வைக்க ரெண்டு மூணு இருக்கட்டும். பிராவுக்குள்ள ஒரு துணிப் பாக்கெட் தச்சு அதுல வச்சா நகராது. சேலை முந்தி இடது தோள்ல வர்றதால இடது பக்கம் எடுத்தவங்களுக்கு மறைவு தானா கிடைக்கும், என்ன மாதிரி வலது பக்கம்னா ஜாக்கெட்ட கொஞ்சம் லைனிங் வச்சு தைக்கச் சொல்லுங்க, ஆபரேஷன் பக்கத்துக் கை அரை இஞ்சு லூசா இருக்கட்டும்.

மாத்திரை, வீடு, மனசு

ஹார்மோனால வளர்ற வகை கேன்சர்னா டமாக்சிஃபென் 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம் கொடுப்பாங்க, மாதவிடாய் நின்னவங்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாதிரி கொடுப்பாங்க. உடம்பு எரிச்சலா குப்புனு வேர்க்கும், முட்டு வலிக்கும், அதுக்காக யாருகிட்டயும் சொல்லாம நிறுத்திடுறாங்க, அத மட்டும் செய்யாதீங்க. டாக்டர்ட்ட சொன்னா மருந்த மாத்தலாம், தொந்தரவக் குறைக்க வழி சொல்லுவாங்க. முட்டுவலிக்கு நடக்கிறது நல்லாவே கேக்கும், வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கணும்னு சொல்றாங்க, காலையில வயக்கரையிலயோ கடக்கரையிலயோ நடங்க. லெட்ரோசோல் வகையில எலும்பு தேயும், அதுக்கு ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி பத்திக் கேளுங்க. டமாக்சிஃபென் எடுக்கையில தீட்டு நின்ன பொறவு ரத்தம் பட்டா உடனே சொல்லணும். பிள்ளை உண்டாகவும் கூடாது, அதுக்குக் கர்ப்பத்தடை மாத்திரை ஆகாது, காப்பர்டி மாதிரி ஹார்மோன் இல்லாதது வேணும்.

முள்ளுசீத்தா இலைய அவிச்சுக் குடிச்சா கேன்சர் வராதுன்னு கொண்டு வந்து கொடுப்பாங்க. மனுஷங்களுக்கு அதுல கேன்சர் குணமானதா நிரூபிச்சதில்ல. அன்பா வாங்கி வச்சுக்கிடுங்க, மாத்திரைக்குப் பதிலா குடிக்காதீங்க. மீன், முட்டை, பயறு, நேந்திரம்பழம் எதுக்கும் தடை இல்ல, காயம் ஆற புரோட்டீன் வேணும், மத்தி மீனும் கஞ்சியும் பயறும் தாராளமா தின்னலாம்.

வீட்டுக்காரர் விஷயமும் சொல்லியாகணும், யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரே கட்டில்ல படுக்கலாம், சேந்து இருக்கலாம், இது ஒட்டாது. தழும்ப எப்பம் காட்டணும்ங்கிறது உங்க முடிவு. மருந்தால பிறப்புறுப்புல வறட்சி வந்து வலிக்கும், தண்ணி கலந்த ஜெல் மெடிக்கல்ல கிடைக்கும், ஈஸ்ட்ரோஜன் கிரீம் டாக்டர்ட்ட கேக்காம வாங்காதீங்க, காண்டம் போட்டா தேங்கா எண்ணெய் வேண்டாம், ரப்பர் கிழியும். பிள்ளைங்ககிட்ட மறைக்காதீங்க, அதுங்க நம்ம முகத்தப் பாத்தே பயப்படும்.

பாக்க வர்றவங்க "என்ன பாவமோ"ன்னு பேசுனா, அக்கா இப்பம் நான் படுக்கணும்னு சொல்லி எழும்பி உள்ள போயிடுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்ல, எதுலயும் பிடிப்பு இல்ல, செத்தா தேவலன்னு தோணுதுன்னா அதுவும் வைத்தியம் பாக்க வேண்டிய சீக்குதான். 14416ங்கிற அரசாங்க டெலி மானஸ் நம்பர்ல தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க. மனசுக்கு மாத்திரை எழுதுனா டமாக்சிஃபென் எடுக்கிறத அந்த டாக்டர்ட்ட சொல்லணும், சில மாத்திரை அதோட வேலையக் குறைக்கும்.

செக்கப்பும் ஃபைலும்

முதல் 3 வருஷம் மூணு மாசத்துக்கோ ஆறு மாசத்துக்கோ ஒரு தடவை, அடுத்த 2 வருஷம் ஆறு மாசத்துல இருந்து வருஷத்துக்குள்ள ஒரு தடவை, பொறவு வருஷத்துக்கு ஒண்ணு. மீதி இருக்கிற மார்புக்கு வருஷா வருஷம் மாமோகிராம். ஒரு தொந்தரவும் இல்லாம வருஷா வருஷம் உடம்பு முழுக்க பெட் ஸ்கேன் எடுக்கத் தேவையில்ல, பணமும் போகும் நிம்மதியும் போகும். ஆனா தழும்புல புதுக் கட்டி, விடாத எலும்பு வலி, மூச்சு வாங்கல், கண்ணு மஞ்சளாகுறது, நிக்காத தலைவலி, இதெல்லாம் வந்தா தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

நம்ம மாவட்டத்துல ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கும், நெய்யூர் கேன்சர் ஆஸ்பத்திரிக்கும், எல்லை தாண்டி திருவனந்தபுரம் ஆர்.சி.சி. கேன்சர் ஆஸ்பத்திரிக்கும் மாறி மாறிப் போறவங்க ஜாஸ்தி. அதனால ஒரு ஃபைல்ல பயாப்சி ரிப்போர்ட், கேன்சர் எந்த வகைன்னு காட்டுற ஈஆர் பிஆர் ஹெர்-2 டெஸ்ட் எழுதுன தாள், ஆபரேஷன் நோட், ரேடியேஷன் கணக்கு எல்லாத்தையும் வச்சு ஜெராக்ஸ் ஒண்ணும் போன்ல போட்டோவும் எடுத்து வைங்க, மழை காலத்துல ஈரம் படாம பாலித்தீன் கவர்ல. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா அதுவும் அதுக்குள்ளயே இருக்கட்டும். ரயில்ல கேன்சர் நோயாளிக்கும் கூட வர்ற ஆளுக்கும் டிக்கெட் சலுகை உண்டு, செக்கப்புக்குப் போகவும் செல்லும், அதுக்குரிய ஃபார்ம்ல ஆஸ்பத்திரியில கையெழுத்தும் சீலும் வாங்கி கவுண்டர்ல கொடுக்கணும். கூடப் பிறந்தவங்க, மகள்மார் எல்லாருக்கும் உங்க சீக்கு பத்தி டாக்டர்ட்ட சொல்லச் சொல்லுங்க, அதுலயும் உங்களுக்கு சின்ன வயசுலயே வந்துதுன்னா அவங்க எந்த வயசுல இருந்து பாக்கணும், மரபணு டெஸ்ட் வேணுமான்னு அடுத்த செக்கப்புல நீங்களே கேட்டுட்டு வந்துடுங்க.